இரண்டு கிரைண்டர், மூன்று நாக்கு

என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் கடைசிவரை 'மாப்ள' என்றே கூப்பிட்ட அத்தானுக்கு,

இங்கே சாரல் பிடித்துவிட்டது. ஐந்தருவிப் பாதையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. என் கடைக்கு ஈரம் குடித்த மிக்ஸிகள் பழுதுபார்க்க வரத் தொடங்கிவிட்டன. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. சொல்ல ஒரு சேதி இருக்கிறது, நல்ல சேதிதான். அதற்கு முன்னால் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும்.

பட்டாளத்திலிருந்து வந்து, பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற வேலைக்குப் போன மனுசனுக்கு எஸ்பிரெசோ காப்பியில் எப்படிப் பித்து வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. பெங்களூரில் மகள் வீட்டில் ஒரு வாரம் குடித்துவிட்டு வந்தீர்கள், அவ்வளவுதான். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் கழித்துப்போட்ட காப்பி மிஷினையும், அதோடு கிடந்த கொட்டை அரைக்கிற கிரைண்டரையும் ஆட்டோவில் ஏற்றி நேரே என் கடையில் கொண்டுவந்து இறக்கினீர்கள். மிஷினுக்கு ஹீட்டர் மாற்றினேன், ஓடியது. கிரைண்டர்தான் உங்களைப் படுத்தியது.

அது கடைக்கென்று செய்த சாமான். அதன் தலையில் கால் கிலோ கொட்டை எப்போதும் நிற்க வேண்டும். வீட்டில் நீங்கள் போட்டதோ காலையில் இரண்டு கோப்பை. கொட்டை மேலேயே கிடந்து வாசனை போயிற்று. நேற்று அரைத்ததில் மிச்சம் உள்ளே தங்கி, இன்றைய கோப்பையில் முதலில் வந்து விழுந்தது.

"ஒரு வேளைக்கு உள்ளத மட்டும் நிறுத்துப் போடணும் மாப்ள. பதினெட்டு கிராம் போட்டா பதினெட்டும் வெளிய வந்துரணும். அதுக்குன்னே சிங்கிள் டோஸ் கிரைண்டர் வந்திருக்கு" என்று போனில் படம் படமாகக் காட்டினீர்கள்.

நான் சிரித்தேன். "கிரைண்டர்னா மாவாட்டுதது அத்தான். காப்பிக்கு மிக்ஸி போதாதா?"

"மிக்ஸி வெட்டுதுடே, அரைக்கல. கொஞ்சம் மாவு, கொஞ்சம் கட்டி. எல்லாம் ஒரே சீரா இல்லன்னா தண்ணி இளக்கமான எடமாப் பாத்து ஓடிரும். காப்பி எறங்காது."

புதிதாக எதற்கு, இதையே மாற்றித் தருகிறேன் என்று வீராப்பாகச் சொன்னேன். தலையை வெட்டிக் குட்டையாக்கினேன். ஆட்டோ ஹாரனின் ரப்பர் பந்தை மேலே பொருத்தி, அதை அமுக்கினால் மிச்சத் தூள் வெளியே வந்துவிடும் என்றேன். பாதிதான் வந்தது. நீங்கள் ஒருநாளும் குறை சொல்லவில்லை. "நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்றே இரண்டு வருடம் ஓட்டினீர்கள். புதுசு வாங்கினால் என் கைவேலை தோற்றதாகிவிடும் என்றுதான் வாங்காமல் இருந்தீர்களா? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மார்கழியில் ஒரு காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அதற்குப் பிறகு அக்கா அந்த மிஷின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள். காப்பி, டீ எதுவும் அடுப்பில் ஏறவில்லை. போய்ப் பார்த்தால் கஞ்சி ஆறிக் கிடக்கும். நித்யா பெங்களூரிலிருந்து தினமும் பேசினாள். "அம்மா இங்கயே வந்துரட்டும் மாமா, ரூம் ரெடி பண்ணிட்டேன்" என்றாள். அக்கா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். அந்தச் 'சரி'தான் எனக்குப் பயமாக இருந்தது. எதற்கும் சண்டை போடாத அக்காவை நான் பார்த்ததே இல்லையே.

போன மாதம் ஒருநாள் பதினோரு மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. "ஏலே சண்முகம், அவுக மிஷின் இன்னும் ஓடுமா?"

"ஏங்க்கா?"

"வீட்ல வாசனையே இல்லலே."

கையில் இருந்த மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மிஷின் சூடாயிற்று. கிரைண்டரில் ஒரு பிடி கொட்டை போட்டு அரைத்தால், முதலில் கறுப்பாக, சிக்கு நாற்றத்தோடு ஏதோ விழுந்தது. கழற்றிப் பார்த்தேன். நீங்கள் கடைசியாக அரைத்ததில் மிச்சம், இரண்டு ஸ்பூன் இருக்கும், எண்ணெய் கசிந்து பிசினாக உறைந்து கிடந்தது. அக்காவிடம் சொல்லாமல் துடைத்துவிடலாம் என்று பார்த்தேன். அவள் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். விரலில் தொட்டு மோந்தாள். "கெட்டுப் போச்சுலா? கெட்டத வச்சுக்கிட்டு என்ன செய்ய. கருவேப்பிலைச் செடி மூட்டுல கொட்டு" என்றாள். நான் கொட்டிவிட்டு, கொல்லையில் நின்று கொஞ்சம் அழுதேன் அத்தான். பிறகு உள்ளே வந்து, "அத்தான் கேட்ட கிரைண்டரையே வாங்குவோம்க்கா. என் வேலை சரியில்ல" என்று முதல் தடவையாகச் சொன்னேன்.

"அது எனக்கு அப்பமே தெரியும்" என்றாள்.

விஷயத்தைக் கேட்ட நித்யா, குடித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று இரண்டு கிரைண்டரோடு வந்து இறங்கினாள். ஒன்று அவளுடையது, இன்னொன்று சிநேகிதியிடம் இரவல். கையால் சுற்றுவதும் உண்டு என்றாளாம் போனில்; "இட்லிக்கு ஆட்டுன கை போதும்ட்டி" என்று அக்கா வெட்டிவிட்டாள். மூன்று நாள் லீவு போட்டிருந்தாள் உங்கள் மகள். போகும்போது அம்மாவையும் கூட்டிப்போக டிக்கெட் எடுத்து வைத்திருந்ததை முதல்நாள் எங்களிடம் சொல்லவில்லை.

முதல் வேலையாக இரண்டையும் திறந்து பார்த்தேன். கடைக்காரன் புத்தி. ஒன்றில் கூம்பு மாதிரிப் பல், வளையத்துக்குள் நின்று மெதுவாகச் சுற்றுகிறது. சத்தம் கம்மி, கழற்றி மாட்டச் சுலபம், பேரிங் நல்ல தரம். மற்றதில் பல் வெட்டிய இரண்டு தட்டை வட்டுகள், ஒன்றுக்கொன்று முகம் பார்த்து வேகமாகச் சுற்றுகின்றன. சத்தம் கூடுதல். இரண்டிலும் பதினெட்டு போட்டால் பதினெட்டு வருகிறது. தட்டையில் மட்டும் மேலே உள்ள மூடியை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். என் ஓட்டு கூம்புக்குத்தான்.

தூள் பறந்து ஒட்டாமல் இருக்கக் கொட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றாள் நித்யா. "வெளிய சாரலே அடிக்குது, இதுல நீ வேற தெளிக்கியாக்கும்" என்றாள் அக்கா. அவள் சொன்னது சரிதான். இந்த ஈரக்காற்றில் தெளிக்காமலே தூள் ஒட்டவில்லை. அன்றைக்குத்தான் ஏழு மாதத்தில் முதல் தடவை அக்கா சிரித்துப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் முழுக்க, கொட்டையை எவ்வளவு பொடியாக அரைப்பது என்று கிரைண்டர் திருகில் அளவு பிடிப்பதிலேயே போயிற்று. ஒரு புள்ளி திருப்பினால் காப்பி ஓட்டமாக ஓடுகிறது, இன்னொரு புள்ளி திருப்பினால் சொட்டுக்கூட இறங்கவில்லை. பெங்களூரில் நின்ற புள்ளி இங்கே நிற்கவில்லை. கடைசியில் இரண்டும் எலிவால் கணக்காக மெல்லிசாக இறங்கியபோது மூன்று பேரும் கை தட்டினோம்.

மூன்றாம் நாள் காலை, அக்காவைத் திரும்பி நிற்கச் சொல்லி, எதில் எது என்று சொல்லாமல் இரண்டு கோப்பையை நீட்டினோம். நானும் நித்யாவும் முன்னாலேயே குடித்துவிட்டோம். எனக்குக் கூம்பு, அவளுக்குத் தட்டை.

அக்கா முதல் கோப்பையைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அது கூம்பில் அரைத்தது. "கெட்டியா நெய் கணக்கா நாக்குல நிக்கி. இது அவுக காப்பில்லா" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாவதை எடுத்தாள். ஒரு வாய், இன்னொரு வாய். "இது லேசா இருக்கு. கடைசில நார்த்தங்கா கணக்கா ஒரு புளிப்பு வருது" என்றபடி முழுவதையும் குடித்துவிட்டாள். "எனக்கு இதுதாம்லே வேணும்."

"மொதல்லதுதான அத்தான் காப்பின்ன?"

"ஆமா. அவுக காப்பி அவுகளுக்கு. நான் இத்தன நாளும் அவுக அந்தப்பக்கம் திரும்புனதும் ரெண்டு ஸ்பூன் சீனியப் போட்டுல்லா குடிச்சேன். இதுக்குச் சீனி வேண்டியதில்ல."

நித்யா அம்மா பக்கம் திரும்பினாள். "அப்பாட்ட ஒரு தடவகூடச் சொல்லலையாம்மா?"

"சந்தோசமாப் போட்டுத் தருதாவ. சொல்லவா முடியும்?"

உங்களுக்குத் தெரியுமா அத்தான், இது? சீனி டப்பா சீக்கிரம் காலியாவதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்களா? கவனித்தும் என் ரப்பர் பந்தைப் பொறுத்துக்கொண்ட மாதிரி இதையும் பொறுத்துக்கொண்டீர்களோ என்னவோ.

அன்று மத்தியானம் நித்யா டிக்கெட் விஷயத்தைச் சொன்னாள். அக்கா 'சரி' என்று சொல்லவில்லை. "ஏட்டி, நீ வச்சிருக்கிற ரூம் அங்கனயே இருக்கட்டும். நான் பொங்கலுக்கு வந்து பத்து நாள் இருக்கேன். இப்பம் என்னால வர முடியாது, இந்தப் புள்ளிய இன்னும் சரியாப் பிடிக்கல" என்று கிரைண்டரைக் காட்டினாள். அம்மாவும் மகளும் அரைமணி நேரம் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நித்யா தன் கிரைண்டரை இங்கேயே விட்டுவிட்டு, இரவல் கூம்போடு தனியாகத்தான் ரயில் ஏறினாள். ஸ்டேஷனில் என்னிடம், "அம்மா அழுவாங்கன்னு நெனச்சு வந்தேன் மாமா, ஆர்க்யூ பண்ணி அனுப்பிட்டாங்க" என்று சிரித்தாள்.

இப்போது அக்கா காலையில் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று போட்டுக் குடிக்கிறாள். பொரிகடலையோ முறுக்கோ கூடவே இருக்கிறது. கஞ்சி ஆறிக் கிடப்பதில்லை. பக்கத்துவீட்டு டீச்சருக்கு ஒருநாள் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவர் முகம் சுளித்தாராம். "புடிக்கலன்னா சொல்லிருங்க டீச்சர், மனசுக்குள்ள வைக்காதீங்க" என்றாளாம்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அத்தான். மாதம் ஒருமுறை அந்த வட்டுகளைக் கழற்றித் தூரிகையால் சுத்தம் செய்து மாட்டுவது என் பொறுப்பு. என்னால் முடியாத வேலையை இனி முடியும் என்று சொல்ல மாட்டேன். அக்கா எது போட்டுக் கொடுத்தாலும் குடித்துவிட்டு, நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றும், இல்லாவிட்டால் இல்லை என்றும் அவள் முகத்தைப் பார்த்தே சொல்லுவேன். நேற்றையது கசந்தது. சொல்லிவிட்டேன். "அப்படியா?" என்று ஒரு புள்ளி திருப்பி, மறுபடியும் பதினெட்டு கிராம் நிறுக்கத் தொடங்கினாள்.

என்றைக்கும் உங்கள் மாப்ளயாகவே இருக்கிற மச்சினன்,
சண்முகம்