சோப்புத் தண்ணீரும் என் மூக்கும்

சின்னவளின் அம்மாவுக்கு,

பிள்ளைகள் நலமா? உன் முட்டிவலி குறைந்ததா? எனக்கு ஒன்றுமில்லை.

இங்கே சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொட்டிகளுக்கு மூடி போட்டுவிட்டார்கள். கசடில் கிளம்பும் வாயு மேலே போய் உலகத்தின் சூட்டைக் கூட்டாமல், அதைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். மூடியின் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வந்தால் கசிவு என்று எழுதுவது என் வேலை. என் மூக்கை மிஞ்சிய சோப்பா என்று எனக்கொரு மிதப்பு. செவ்வாய்க்கிழமை சோப்பை எடுக்காமலே சுற்றி வந்தேன். வாடையே இல்லை. பாதியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான். சூப்பர்வைசர் என்னை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுத் திட்டினார்: "அந்த கேஸ் முதல்ல மூக்கத்தான்யா மரக்க வைக்கும். பெரிய மோப்ப நாயின்னு நெனப்பா?" எல்லோரும் சிரித்தோம்.

பயப்படாதே. இரண்டு பனியன் அனுப்பு. கூடவே உன் தலையணை உறை ஒன்று, துவைக்காமல். போன தடவை அனுப்பியதை முகத்தில் போட்டுக்கொண்டுதான் தினமும் தூங்குகிறேன். நான்கு நாளாக அதில் உன் வாசனை இல்லை. போனது உறையின் வாசனையா, என் மூக்கா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வண்டி வந்துவிட்டது. பனியன் மறந்தாலும் பரவாயில்லை, உறையை மட்டும் துவைத்துவிடாதே.