அடைபடாத ரொட்டிச் சன்னல்

அன்புள்ள ஃபோதினிக்கு,

சீனாய் மடத்திலிருந்து யாக்கோவோஸ். அங்கே சைப்ரஸில் ஆலிவ் பறித்தாயிற்றா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், தோளில் மட்டும் சின்னக் கன்றல், பயப்படாதே.

எகிப்தைப் பிடித்த பிரெஞ்சுப் படை, வெள்ளத்தில் சரிந்த மடத்து மதிலைக் கட்டித்தர வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பாலைவனத்து மக்களுக்குக் கூடையில் ரொட்டி இறக்குகிற சன்னலை அடைக்கும்படி அவர்களுடைய கேப்டன் மதில் வேலை பார்க்கிற என்னிடம் சொன்னான். நான் சாந்து பூசும் கொல்லூறைப் போட்டுவிட்டுச் சன்னலில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"எறங்குடா!"

"என்னையும் சேத்து வச்சுக் கட்டுங்க."

துப்பாக்கிக் கட்டையால் தோளில் இடித்தான். கீழே ரொட்டிக்கு நின்ற ஹம்தா கத்தினாள்: "ஏய் தொப்பிக்காரா, அது உங்கப்பன் வீட்டுச் சன்னலா?"

அரபி தெரிந்த சிப்பாய்கள் சிரித்துவிட்டார்கள். மடத்துத் தலைவரும் வந்து என் பக்கத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். கேப்டன் முகம் சிவக்கத் திரும்பிப் போய்விட்டான். அன்றும் ரொட்டி இறங்கியது.

கம்பளிக் காலுறை அனுப்பு, நீயே பின்னியதாக. இங்கே யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கொத்தனார்தான். நீ எழுதும்போது என் பேரை நாலு தடவை எழுது.

கடிதம் கொண்டுபோகிற ஒட்டகக்காரர் அவசரப்படுத்துகிறார். மறுபடி அடைக்கச் சொன்னால் மறுபடியும் உட்காருவேன். திட்டாதே.

உன்
யாக்கோவோஸ்