மூசையின் அடியில்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால், அந்த எல்லோரும் நான் ஒருத்திதான். நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி இல்லாத வீடாகப் பார்த்திருப்பதாகச் சொன்னீர்கள். நல்லது.

சோதனை தோற்றுப்போனது என்று போனில் சொன்னதும், "விட்டுத்தள்ளு, கிளம்பி வா" என்றீர்கள். மேலே பேசினால் கத்திவிடுவேன் என்று பயந்து வைத்துவிட்டேன். கோபத்துக்குக் கடிதம்தான் எனக்குத் தோது. எழுதி முடிப்பதற்குள் பாதி ஆறிவிடும்.

நடந்தது இதுதான். சிலிக்கன் சேர்த்த அலுமினியம் இலேசானது, வார்க்க வசதியானது. எஞ்சின் பிஸ்டன்களை அதில்தான் செய்கிறார்கள். சூடு ஏறினால் இளகிவிடுவது அதன் குறை. வழக்கமாகச் சேர்க்கும் செம்பும் மக்னீசியமும் கொஞ்ச தூரம் கூட வரும், பிறகு கைவிட்டுவிடும். சிறிது சிர்கோனியம் முழுதாகக் கரைந்து உறைந்தால், நாள்கணக்கில் சூட்டில் கிடந்தாலும் பலம் எளிதில் குறையாது என்பது என் எண்ணம். எண்ணம்தான், நிரூபணம் இல்லை.

மூன்று முறை உருக்கி வார்த்தோம். மூன்று முறையும் சோதனைக் கம்பிகளைச் சூட்டில் இழுத்ததும் சாதாரணக் கம்பி போலவே நீண்டு அறுந்தன. ஆனால் கலக்கியவுடன், உருக்கும் பாத்திரமான மூசையிலிருந்து எடுத்த மாதிரியில் சிர்கோனியம் சரியான அளவில் இருந்தது. "மெஷினும் பொய் சொல்லாது, நீங்களும் சொல்ல மாட்டீங்க. அப்ப சிர்கோனியம்தான் நம்மளை ஏமாத்துது" என்று எங்கள் ஆய்வுக்கூட இயக்குநர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதையும் நம்பாதவள் என்று கேலி செய்வீர்களே, அந்தப் புத்தியில் அறுந்த கம்பியையே பகுப்பாய்வுக்குக் கொடுத்தேன். அதில் சிர்கோனியம் பேருக்குத்தான் இருந்தது. உடனே மூசையைக் கவிழ்த்துச் சுரண்டச் சொன்னேன். அடிப்பிடித்த பால் போலக் கட்டியாக ஒரு படிவு. அத்தனையும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

எங்கள் உலைக்காரரை மூடி அண்ணன் என்போம். மூசையை ஒரு நிமிடம்கூட மூடியில்லாமல் திறந்துகிடக்க விடமாட்டார். அவரைக் கேட்டேன். "ரொம்பக் காஞ்சா காத்தைக் குடிச்சிடும் மேடம், கம்பி பூரா ஓட்டை விழும். அப்புறம் உங்களைத்தானே பேசுவாங்க? நீங்க அச்சைப் பார்க்கப் போனதும் சூட்டைக் குறைச்சு, கொஞ்ச நேரம் அடங்க விட்டுத்தான் ஊத்துனேன்" என்றார், ஏதோ பரிசு தருவேன் என்பது போல. மற்ற அலுமினிய வார்ப்புகளுக்கு அது நல்ல பக்குவம். சிர்கோனியத்துக்கு அதுவே எமன். சூடு குறைந்தால் பிரிந்து, கனத்தில் கீழே போய்விடும். எந்தச் சூட்டில் கரைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்த நான், ஊற்றும்வரை அது குறையக் கூடாது என்று எழுதவில்லை. ஆறு மாத வேலை. அவரைத் திட்டவும் முடியவில்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டார்.

இன்னும் ஒரே ஒரு முறை உருக்க அனுமதி கேட்டு இயக்குநர் அறைக்குப் போனேன். "அதான் மாசக் கடைசியில வேலையை விட்டுட்டுக் கிளம்புறீங்களே மேடம், இனிமே எதுக்கு இந்த அவஸ்தை? உங்க வீட்டுக்காரர் எல்லாம் சொன்னார்" என்றார். நீங்கள் இருவரும் ஒரே விடுதி அறையில் இருந்து படித்தவர்கள் என்பதை நான் மறந்துவிட்டிருந்தேன்.

ராஜினாமா நான் எழுதவில்லை. சோதனை தோற்றால் வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். இது தோல்வி இல்லை; சிர்கோனியத்தை நாங்கள் இன்னும் சோதிக்கவே இல்லை. இதை இயக்குநரிடம் சொன்னேன். உங்களைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறாராம். என் வேலைக்கு உங்களிடம் அனுமதி!

என் தூக்கமும் ரத்த அழுத்தமும் கெடுகிறதே என்ற கவலையில் சொல்லியிருப்பீர்கள். தெரியும். மூடி அண்ணனிடமும் 'தெரியும்' என்றுதான் சொன்னேன்.

அவர் உங்களைக் கூப்பிடும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே கூப்பிட்டு, "நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், அவளையே கேளு" என்று சொல்லுங்கள். சிபாரிசு வேண்டாம், புகழ்ச்சி வேண்டாம். அந்த ஒரு வரி போதும். "நீங்க சொல்ற வரைக்கும் சூட்டைக் குறைக்கிற திருகைத் தொட்டா என் கையை ஒடிங்க மேடம்" என்று மூடி அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறார். அப்படி ஒரு வாக்கு உங்களிடமிருந்தும் வந்தால் நன்றாக இருக்கும்.

தைலத்தை வலிக்கிற காலுக்கு மட்டும் தேய்த்துவிட்டுப் படுக்காதீர்கள், இரண்டுக்கும் தேயுங்கள். அந்த வீட்டைப் பேசி முடித்திருந்தால் விட்டுவிட வேண்டாம். சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
போனைப் பாதியில் வைத்தவள்