கோதண்டராமனுக்குத் திதி கிடையாது

வைகாசி 2, வெள்ளி

காலையிலேயே வெயில் சுள்ளென்று. காந்தி மார்க்கெட்டில் வாழையிலை, வெற்றிலை சொல்லியாயிற்று. ஞாயிறு என் மகள் நித்யாவுக்கு நிச்சயதார்த்தம். அவள் அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம். என் அண்ணன்தான் முன்நின்று செய்கிறார். பாக்கி: மாலை, ஐயருக்கு வேட்டி, லக்கினப் பத்திரிகை.

பத்திரிகையில்தான் தகராறு. தாய்மாமன் முன்நிற்பதால் வம்சமும் எங்கள் பிறந்த வீட்டுடையது. அண்ணன் வழக்கம்போல “அமரர் கோதண்டராமன் வம்சம்” என்று எழுதிக்கொண்டு வந்தார். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுப் பத்திரிகைகளில் வரும் கொள்ளுத் தாத்தா. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை.

“அவருக்குத் திதி என்னிக்குண்ணா?”

“இப்ப எதுக்கு அது?”

“செத்த மனுஷனுக்குத் திதி இருக்கணும்ல.”

எழுந்து போய்விட்டார். காபி அப்படியே ஆறிப்போனது.

வைகாசி 3, சனி

எங்கள் வீட்டு வழக்கின் பழைய கோர்ட் தீர்ப்பு நகலை மறுபடி எடுத்துப் படித்தேன். கொள்ளுப் பாட்டி செங்கமலம், கோவிலில் பொட்டுக் கட்டி ஆடிய தேவதாசி. புருஷன் கிடையாது. வீடு அவர் பேரில், பிள்ளைகளுக்கும் அவர் பேர்தான். அந்த வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஏழு வயதில் பொட்டுக் கட்டியபோது அவரை யார் கேட்டார்கள்? ஆனால் வீட்டு வழக்கில் தானே நின்று ஜெயித்தவர். வெள்ளைக்கார ஜட்ஜ் வீட்டை அவருக்கே கொடுத்துவிட்டு, தீர்ப்பில் “வேசி” என்றும் எழுதினார்.

வெள்ளைக்காரன் போய்விட்டான். அந்த வார்த்தைக்குப் பயந்து எங்கள் ஆண்கள் அவருக்கு ஒரு புருஷனைத் தயார் செய்தார்கள். என்னையும் அதே பயத்தில்தான் வளர்த்தார்கள். சலங்கை கூடாது. ஜன்னலில் நிற்கக் கூடாது. சத்தமாகச் சிரிக்கக் கூடாது. நினைக்க நினைக்க ஆத்திரம்.

நித்யா: “உண்மையப் போடும்மா. வேணாம்னு போறவங்க போகட்டும்.”

லால்குடிக்குப் போன் செய்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். “நாளைக்கு வரோம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எதற்கு வருகிறார்கள், முடிக்கவா முறிக்கவா?

வைகாசி 4, ஞாயிறு

பத்து மணிக்கு லால்குடி வேன் வந்தது. நான் மாற்றி எழுதிய பத்திரிகையை ஐயர் வாசித்தார்: “செங்கமலம் அம்மாள் எள்ளுப்பேத்தி...” அண்ணன் தலை குனிந்து.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். “கொஞ்சம் நிறுத்துங்க சாமி.”

எனக்கு உயிரே போய்விட்டது.

“எங்க பக்கம் பூரா ஆம்பளைங்க பேராவே இருக்கு. எங்கம்மா பேரு பட்டம்மா. அதையும் சேத்து எழுதுங்க.”

அவர் நாத்தனாரும் எழுந்தார். “எங்கம்மா பேரையும்.” பின்வரிசையில் இன்னும் இரண்டு பேர். நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

“இடம் பத்தாதும்மா” என்றார் ஐயர்.

“வேற தாள் எடுங்க” என்றேன்.