கேலியை எந்தக் கட்டத்தில் போடுவது, மச்சான்?

என்றும் என் அன்புக்குரிய குணசீலன் மச்சானுக்கு,

பேச்சு வழிமாறிப் போகாமலிருக்க, சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. வீட்டுச் செய்தி.
2. நம் ஆய்வின் நிலை.
3. கேலியை நீங்கள் அன்பு என்று குறித்தது ஏன் பிழை.

வீட்டில் எல்லாரும் நலம். உங்கள் தங்கை பாக்கியம் மீனவர் ஊரான பாசிர் பெனம்பாங் போய் நண்டு வாங்கி வந்தாள். "எங்கண்ணன் இருந்திருந்தா ஓட்டக்கூட விட்டு வச்சிருக்காது லா" என்று சிரித்தாள். உங்கள் நாற்காலியில் இப்போது பூனை படுக்கிறது.

ஆய்வு நின்றுபோயிருந்தது. வேலை செய்த தோட்டம் மூடியபின் ரவாங், கோலா குபு பாரு என்று ஊர் ஊராகச் சிதறிய குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் உறவு இன்னும் நிலைக்கிறதா என்று அறியத்தானே, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாம் இருவரும் தொடங்கினோம்? குழுவிடம் அனுமதி கேட்டு, ஒவ்வொரு செய்தியையும் தகவல், அன்பு, ஏச்சு என்று தனித்தனியே குறித்தோம். தற்செயலாகப் பொருந்தியதைக் கழித்துக் கணக்கிட்டால், உங்களுக்கும் எனக்கும் இருந்த ஒற்றுமை வெட்கப்படும் அளவுக்குக் குறைவு.

"இன்னும் சாகலையா நீ?" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் ஏச்சு என்றேன்.

"கொஞ்ச நாளா ஆளக் காணோம்னு தேடுறான், மாப்ள! இது தெரியாம என்னத்தப் படிச்சீங்க?" என்றீர்கள். சிரித்த சிரிப்பில் தேநீர் தாளில் கொட்டியது. அந்த வழக்கு தீருமுன் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்தில் அடுத்த வாரம் கட்டுரை வாசிக்க வேண்டும். இவ்வளவு முரண்பாட்டோடு யார் ஏற்பார்கள்? உங்கள் குறிப்புகளை நீக்கிவிடலாமா என்று பயந்து பயந்து யோசித்தேன். நீக்கினால் உங்கள் பெயரும் போய்விடும். அங்குள்ள விரிவுரையாளர்தான், "மூணாவது ஆள்கிட்ட குடுத்துப் பாருங்க சார்" என்றார்.

அதே செய்திகளை, நம் இருவர் குறிப்புகளையும் காட்டாமல், பாக்கியத்திடம் கொடுத்தேன். என் பக்கம்தான் வருவாள் என்ற தைரியத்தில் மேலே மூன்றாவதை எழுதினேன்.

இதோ, நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே முடித்துக் கொடுத்துவிட்டாள். கணக்குப் போட்டேன். நம்பாமல் மறுபடியும் போட்டேன். அவளும் நீங்களும் அநேகமாக ஒரே மாதிரி. நான்தான் தனி.

"அண்ணனும் தங்கச்சியும் ஒரே வீட்டுப் புள்ளைங்க. இது சார்பு இல்லையா?" என்று கேட்டேன்.

"அப்ப வேற வீட்டுப் புள்ள நீங்களே சொல்லுங்க" என்று கைப்பேசியை நீட்டினாள். குழுவில் எனக்கு வந்த செய்தி: "வாத்தியாரே, மச்சான் பின்னாடியே நீங்களும் கெளம்பிட்டீங்களா? சத்தத்தையே காணோம்!"

"இத எதுல போடுவீங்க?"

பென்சிலை எடுத்தேன். ஏச்சு என்று எழுதக் கை வரவில்லை. என்னையும் ஒருவர் தேடியிருக்கிறாரே!

ஆகவே மூன்றாவது தவறு, மச்சான். மேலே அதை அடித்து அழிக்காமல் விட்டிருக்கிறேன், பார்த்துச் சிரியுங்கள். மூன்றாமவர் உங்கள் தங்கை என்பதைக் கட்டுரையின் குறைபாடுகள் பகுதியில் ஒளிக்காமல் எழுதுவேன். உங்கள் பெயர் முதலில் வரும். இது என் வாக்கு.

நீங்கள் எவ்வளவு கேலி செய்தும் நான் ஒருமுறைகூடத் திருப்பிக் கொடுத்ததில்லை. இப்போது கொடுக்கிறேன்: வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிய சோம்பேறி மச்சானே, அங்கேயாவது யாருடைய தாளிலும் தேநீரைக் கொட்டாமல் இருங்கள்!

இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
மாப்பிள்ளை நடேசன்
கோலா சிலாங்கூர்