தலை வெட்டின நாடா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், எனக்கு மனசுதான் சுகமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிறதும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். கால் வீக்கம் வடிந்ததா, உப்பைக் குறைத்தாயா, காலைத் தொங்கப் போட்டு உட்காராதே என்று சொன்னேனே, கேட்டாயா. போன தடவை நீ போனில் எப்பம்மா வர்றீங்க என்று கேட்டதற்கு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவரை வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்வது, அதனால்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் அந்தக் கோயில் கொடிமரத்தால் வந்தது. பழைய மரம் உளுத்துவிட்டது, புதுசு நட வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்ததும், பொறுப்பு என்னுடையது என்று உன் அப்பா கையைத் தூக்கிவிட்டார். நட்ட மறுவாரம் இரண்டு பேரும் உன்னிடம் கிளம்புகிறோம் என்று எனக்கு வாக்கும் கொடுத்தார். நானும் நம்பினேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். முதலில் மரம் கிடைக்கவில்லை, எடுத்த டிக்கெட்டைத் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. கணு இருக்கக்கூடாது, பொந்து இருக்கக்கூடாது, வளைவு இருக்கக்கூடாது, உனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவர் இத்தனை கேட்கவில்லை. கிடைத்த மரத்தை மண்ணில் படாமல் தோளிலேயே தூக்கி வந்தார்கள், வந்ததும் தொட்டி கட்டி எண்ணெயில் ஊறப் போட்டார்கள். தினமும் போய் அதைப் புரட்டிப் போட்டுவிட்டு எண்ணெய் நாற்றத்தோடு வந்து நிற்பார். அந்தக் கட்டைக்குக் காட்டின அக்கறையில் கால்வாசி, உனக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று நான் சொன்னபோது காட்டியிருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

வீட்டில் வேறு பேச்சே கிடையாது. அடியில் சதுரம், அது பிரம்மா. அதற்கு மேலே எட்டுப்பட்டை, அது விஷ்ணு. அதற்கும் மேலே உருட்டு, அது சிவன். உச்சியில் சின்ன மணிகளோடு மூன்று பலகை, அது சாமியைப் பார்த்துத்தான் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், தெருவைப் பார்த்து அல்ல. கருவறைக்கு நேர்கோட்டில், சாமி கண் திறந்தால் முதலில் மரம்தான் தெரிய வேண்டும். உருட்டைச் சுற்றி வரிசையாக வளையம், அது முதுகெலும்புக் கணக்காம். சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார், குழம்பு ஆறிப்போகும். ஒருநாள் கோபத்தில், சாமிக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கம்பம் என்று கேட்டுவிட்டேன். போச்சு. சிலையும் கோபுரமும் வருவதற்கு முன்னாலேயே நம் ஆட்கள் ஊர்ப் பொதுவில் ஒரு தூணை நட்டு, கந்து என்று பேர் வைத்து, அதையே தெய்வமாகக் கும்பிட்டார்களாம், அதன் கீழே மெழுகி விளக்கேற்றுவார்களாம். ராஜாக்கள் தங்கள் கொடியைக் கம்பத்தில் ஏற்றி இது என் இடம் என்று காட்டினார்களாம், அப்படித்தான் கோயில் முன்னாலும் சாமியின் கொடி வந்திருக்கும் என்பது இவருடைய கட்சி. தூண்தான்டி முதல், மத்தது எல்லாம் அப்புறம்தான் வந்தது என்றார். எனக்கு என் பொண்ணுதான் முதல், தூண் அப்புறம் என்றேன். அன்றைக்கு அவர் மோர் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டார்.

சரி, எண்ணெயிலிருந்து எடுத்தார்கள், காய வைத்தார்கள், தச்சர் இழைத்தார். மரத்தைச் சுற்றிப் போடுகிற பித்தளைக் கவசத்துக்கு அளவு எடுக்க வேண்டும், அதையும் யாரையும் நம்பாமல் உன் அப்பாவே எடுத்தார். அடியிலிருந்து நுனிவரை மரம் சிறுத்துக்கொண்டே போகும் என்பதால் ஒவ்வொரு வளையத்துக்கும் தனி அளவு. பித்தளைக்காரர் அந்தக் கணக்குப்படியே தகடு வெட்டி, வளைத்து, பற்றவைத்து, பளபளவென்று கொண்டுவந்து மாட்டினால் ஒன்றுகூட நிற்கவில்லை. மரத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போகிறது. அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட மாதிரி தொளதொளவென்று ஆடுகிறது. கமிட்டித் தலைவர், நம் தெருப் பல் டாக்டர்தான், பித்தளைக்காரரைப் பிடித்து உலுக்கிவிட்டார். அந்த மனுஷனுக்கு முகம் செத்துப்போனது. சார் சொன்ன அளவுதானே செய்தேன், இப்போது என் நாடாவில் பார்த்தால் குறைகிறதே என்கிறார், யாரும் காதில் வாங்கவில்லை. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, சட்டைப் பையிலிருந்து ஒரு நாடாவை உருவி, எல்லோர் முன்னாலும் மரத்தைச் சுற்றி மறுபடி அளந்து, பாருங்கள், நான் சொன்ன அதே அளவு என்று காட்டினார்.

அந்த நாடாவைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்குச் சட்டை தைக்க வீடு முழுக்க நான் தேடிய என் தையல் நாடா. பார்க்கவே இல்லை என்று சாதித்தாரே, அதே நாடா. நீ சின்னதில் பொம்மைக்கு இடுப்புப் பட்டி வேண்டும் என்று அதன் தலையைக் கத்தரித்து என்னிடம் அடி வாங்கினாயே, நினைவிருக்கிறதா. இரண்டிலிருந்துதான் அது ஆரம்பிக்கும். அன்றிலிருந்து நான் எதை அளந்தாலும் இரண்டு கழித்துக்கொள்வேன், உனக்குப் பாவாடை தைத்தது முழுக்க அந்தக் கணக்கில்தான். இந்த வீட்டில் அது தெரியாத ஒரே ஆள் உன் அப்பா. ஊசி நூல் பக்கம் என்றைக்குத் தலை வைத்துப் படுத்தார், தெரிவதற்கு.

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் பித்தளைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்க்க முடியவில்லை. அந்த நாடாவுல முதல் ரெண்டு அங்குலம் இல்லீங்க, என் பொண்ணு வெட்டிட்டா என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். டாக்டர் நாடாவை வாங்கிப் பார்த்தார், பித்தளைக்காரரும் பார்த்தார். உன் அப்பா என்னைத்தான் பார்த்தார். அதோடு வீட்டில் பேச்சு நின்றது. வேண்டியதை எல்லாம் சுவரைப் பார்த்துக் கேட்கிறார், நானும் சுவருக்கே பதில் சொல்கிறேன்.

இப்போது வளையம் எல்லாவற்றையும் வெட்டி மறுபடி பற்றவைக்க வேண்டும். உன் பிரசவ நாளுக்குள் முடியாது என்று பித்தளைக்காரர் கையை விரித்துவிட்டார். டிக்கெட்டை இன்னொரு தடவை தள்ளிப் போடு, பாதியில் விட்டுவிட்டு எப்படி வருவது என்று உன் அப்பா சுவரிடம் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அழுகைதான் வந்தது. மரம் எண்ணெயில் கிடக்கும், வளையம் பட்டறையில் கிடக்கும், குழந்தை காத்துக்கொண்டு கிடக்குமா. எதிர்வீட்டு நர்ஸ் பெண்ணிடம் சொல்லி எனக்கு மட்டும் டிக்கெட் போட்டாயிற்று. தனியாக வண்டி மாறி அத்தையின் ஊருக்குப் போகவே பயப்படுகிறவள்தான் நான். இருந்தாலும் வருகிறேன். மாப்பிள்ளையை விமான நிலையத்தில் வாசலுக்கு நேராக நிற்கச் சொல், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போனால் எனக்கு அடையாளம் தெரியாது.

நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, பிள்ளையும் நீயும் நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். தனியாகக் குளியலறைக் கதவைத் தாழ் போடாதே, மறந்துவிடாதே. பெட்டி கட்டியாயிற்று. இன்று காலை உன் அப்பா வந்து அந்த நாடாவைச் சுருட்டி என் துணிகளுக்கு மேலே வைத்தார். சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தே சொன்னார்.

"பொறந்ததும் புள்ளை எவ்வளவு நீளம்னு அளந்து போன்ல சொல்லு. ரெண்டு அங்குலம் கழிச்சுக்கோ."

உன் வரவுக்காக அல்ல, தன் புறப்பாட்டுக்காகக் காத்திருக்கும்
உன் அம்மா