ரெண்டாவது வயலின் நாற்காலி

அக்கா,

என் கம்ப்யூட்டர்ல மட்டுமே ஓடிட்டிருந்த என்னோட மியூசிக் பீஸ, வர்ற சனிக்கிழமை நாலு நிஜ மனுஷங்க மேடையில வாசிக்கப் போறாங்க!

எல்லாத்துலயும் நீ என்னை பிளாக் பண்ணதால பேனா புடிக்க வேண்டியிருக்கு. "இத எந்த மனுஷனாலயும் வாசிக்க முடியாதுடா"ன்னியே, இப்ப என்ன சொல்ற? பத்து வருஷம் வயலின் கிளாஸ் போன உனக்குக் கிடைக்காத மேடை, வீடியோ பாத்துக் கத்துக்கிட்ட எனக்குக் கிடைச்சிருக்கு. வயிறு எரியுதா? எரியட்டும்.

ரிகர்சல் அமோகம். மூணே சுரம், திரும்பத் திரும்ப இருபது நிமிஷம். அறையே மூச்சு விடுற மாதிரி இருந்துச்சு. பன்னெண்டாவது நிமிஷம் ரெண்டாவது வயலின்காரர் வில்லைக் கீழ வச்சுட்டார்.

"தம்பி, கம்ப்யூட்டருக்குக் கை வலிக்காது. எனக்கு வலிக்குது. ஒரு இடத்துலகூட ஓய்வு எழுதலையே?"

"முடியலன்னா கிளம்புங்க"ன்னேன். கிளம்பிட்டார்.

நீயும் அதையேதான் சொன்ன. நீ பென்சில்ல ஓய்வு குறிச்ச நோட்ஸ் பேப்பரப் படம் புடிச்சு, 'மேதை அக்காவின் திருத்தம்'னு போஸ்ட் போட்டேன். நாலாயிரம் பேர் சிரிச்சாங்க. அதுக்கு மன்னிப்பு கேப்பேன்னு கனவு காணாத.

அந்தப் பேப்பரக் கிழிச்சிருப்பேன்னு நெனச்சிருப்ப. கிழிக்கல. நீ குறிச்ச பதினோரு இடத்துலயும் ஓய்வு எழுதிட்டேன். வாசிச்சுப் பாக்கத்தான் ஆள் இல்ல.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கடைசி ரிகர்சல். வந்தா வா, வராட்டி போ. ஆனா எதுன்னு உடனே சொல்லித் தொலை.

உன் திமிர் புடிச்ச தம்பி